சுக்கிரலோகத்துத் துணி

அத்தியாயம் 4

மிளகாய் மண்டி சண்முகவேல் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் பிலோமி மூன்று தும்மல் போட்டுவிட்டாள்.

"யாரோ மண்டிக்காரரு வர்றாரு பாய்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியுது."

ராயபுரம் கல்மண்டபத்துக்கு எதிரே ஒரு கயிற்றுக்கடை. அதன் மாடியில்தான் துப்பறியும் ஷாகுல் ஹமீதின் ஆபீஸ். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை முடிச்சைச் சோதனை போட்டவர். யாரையும் நம்பமாட்டார். அதனாலேயே வடக்கு மெட்ராஸில் எல்லோரும் அவரை நம்பினார்கள். பிலோமி அவரிடம் டைப் அடிக்கிறவள். காசிமேட்டுக்காரி. மெஷின் ரிப்பேர் ஆனாலும் ஆகும், அவள் வாய் ஆகாது.

சண்முகவேல் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஐம்பது வயசு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷமாக மிளகாய் மொத்த வியாபாரம். வேட்டி சட்டை, முடி, மூச்சு எல்லாவற்றிலும் மிளகாய் ஏறிப்போன மனிதர்.

"பாய், நான் சொல்லப் போறதக் கேட்டுச் சிரிக்கப்படாது."

"சிரிக்கிற வேலை அவளோடது. என் வேலை சந்தேகப்படுறது. சொல்லுங்க."

"போன வெள்ளிக்கிழமை திருவொத்தியூர் கோயில்ல கும்பிட்டுட்டுக் கடக்கரை மணல்ல உக்காந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். தண்ணி மேல ஒரு வெளிச்சம். வட்டமா, தாம்பாளம் கணக்கா. கரைக்கு வந்துச்சு. அதுல இருந்து ரெண்டு பேரு இறங்கி வந்தாவ." குரலைத் தாழ்த்தினார். "சுக்கிரலோகத்து ஆளுக."

அந்த வருஷம் பத்திரிகையைத் திறந்தால் பறக்கும் தட்டுதான். அமெரிக்காவில் ஒருத்தன் சுக்கிரனிலிருந்து வந்தவர்களோடு கை குலுக்கினானாம், தோழர்கள் ஆகிவிட்டார்களாம். குலுக்கும்போது கூட யார் இருந்தது என்று ஒரு பத்திரிகைக்காரனும் கேட்கவில்லை. மீன் மடிக்கிற காகிதத்தில் வந்ததை எல்லாம் நம்பி, படித்தவன் படிக்காதவன் எல்லாரும் மொட்டைமாடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள்.

"எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார் ஷாகுல் ஹமீது.

"தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது. கையி நம்ம கை மாதிரி இல்ல. வழுவழுன்னு இருக்கு. மயிரு கிடையாது, நகம் கிடையாது."

"நகமே இல்லியா?" என்றாள் பிலோமி. "அப்ப அந்தூரு பொம்பளைங்க மருதாணிய எங்க வெச்சிக்கினு அயுவாங்க?"

"ரொம்ப அன்பான ஆளுக, தாயி. கிட்ட வந்ததும் ஒருத்தர் ஆறு தடவை குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் சொன்னாவ. அவுக பாஷையில ஒரு சத்தம் போட்டு. இன்னொருத்தர் சும்மா நின்னாவ."

"இன்னா பேசினாங்கோ?"

"தமிழ்லதான். சினிமா வசனம் மாதிரி இருந்துச்சு. 'மானிடரே, அஞ்சாதீர். உம் வீட்டுக் கன்னிக்குத் திருமணம் இப்போது கூடாது. அவள் நோயாளிகளைக் காக்கப் பிறந்தவள். இன்றைக்குப் பத்தாம் நாள் திங்கட்கிழமை அவளை நர்ஸ் பள்ளியில் சேர்ப்பீராக.' அவ்வளவுதான்."

பிலோமி டைப் அடிப்பதை நிறுத்தினாள். "அம்மாந் தூரத்துலேருந்து எறங்கி வந்தது இதுக்கா? நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு ஆள் பத்தலேன்னு சுக்கிரன்ல தண்டோரா போட்டாங்களா நைனா? அதுவும் திங்கக்கெயம அட்மிசன்னு கரெக்டா தெரிஞ்சிக்கினு வந்துகீறாங்க!"

"பிலோமி."

"நான் ஒண்ணியும் சொல்லல பாய். எழுதிக்கினு கீறேன்."

சண்முகவேல் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரே மவ, அம்மு. எங்க அக்கா முப்பிடாதி மவனுக்குக் குடுக்கிறதா அவ பொறந்த அன்னைக்கே வாக்குக் குடுத்துட்டேன். இன்னைக்குப் புதன். நாளன்னிக்கு வெள்ளி, நிச்சயதாம்பூலம். தட்டு மாத்தியாச்சுன்னா முடிஞ்சுது. அந்த வீட்டுல பிள்ளைய வாசல்படி தாண்ட விடமாட்டாவ."

"நான் என்ன செய்யணும்?"

"வந்தது நெசமாவே சுக்கிரலோகத்து ஆளுகதான்னு விசாரிச்சு, ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள. சுக்கிரன்தான கலியாணத்துக்கு அதிபதி? அவரு ஆளுகளே வேண்டாம்னா எங்கக்கா தட்டமாட்டா. ஆனா நான் சொன்னா நம்பமாட்டா. எதையும் நம்பாத ஷாகுல் பாயே எழுதிக் குடுத்துட்டாருன்னா நம்புவா."

"அத்தாட்சி ஏதாவது இருக்கா?"

சண்முகவேல் மடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு முழச் சதுரம். தடித்த நூல். கண்ணைப் பறிக்கிற வெளுப்பு.

"அந்தச் சேதியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துட்டு. பேசாம நின்னாவளே, அவுக கிட்ட வந்து இதால என் கண்ணைத் துடைச்சாவ. துணிய என் கையிலயே விட்டுட்டுப் போயிட்டாவ. ஓரத்துல பாருங்க, அவுக எழுத்து. டோல்கேட்ல ஏடு படிக்கிற பண்டிதர்ட்டக் காட்டினேன். மூணு நாள் வச்சுப் பாத்துட்டு, சமஸ்கிருதத்துக்கும் முந்தின எழுத்துன்னு சொல்லிட்டாவ."

துணியின் மூலையில் கறுப்பும் பழுப்புமாக மூன்று புள்ளி. கீழே ஒரு கொக்கி. கொக்கியின் வாலில் ஒரு குறுக்குக் கோடு.

ஷாகுல் ஹமீது அதைத் தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "உங்க துணியெல்லாம் எங்கே வெளுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுலதான். வேற எவன் எடுப்பான்? கை எரியுதுன்னு இருபது வருசமா ஒரு சலவைக்காரரும் என் வேட்டியத் தொட்டதில்ல."

ஷாகுல் ஹமீது தலையை ஆட்டிவிட்டுத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ரிக்‌ஷா வண்ணாரப்பேட்டைப் பக்கம் திரும்பியதும் பிலோமிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பாய், அந்த எழுத்த படிச்சிட்டியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவங்களைத் தெரியும்."

சலவைத்துறையில் கல்லில் துணி அறைகிற சத்தம் நூறு கைதட்டல் மாதிரி கேட்டது. வெள்ளாவி அடுப்புப் புகைக்கு நடுவில் வேம்பு உட்கார்ந்து மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசு. விரல் நுனியெல்லாம் சேங்கொட்டை மைக் கறை.

ஷாகுல் ஹமீது துணியை நீட்டியதும் அவள் வாங்கி, நேராக மூலையைத் திருப்பினாள். பண்டிதருக்கு மூன்று நாள் ஆனது இவளுக்கு மூன்று நொடி ஆகவில்லை.

"அட, இங்கியா கீது இது! போன வெள்ளிக்கெயமலேருந்து இதுக்காகத் தான் பேஜாரு. ஒண்ணு கொறயுது, நீதான் தொலச்சேன்னு மிசன் ஆஸ்பத்திரியில என்ன நிக்க வெச்சிக் கேக்கறாங்கோ."

"எப்படிம்மா தெரியும் அது ஆஸ்பத்திரித் துணின்னு?"

"மூணு புள்ளின்னா மிசன் ஆஸ்பத்திரி. கொக்கின்னா மாடி. குறுக்கால கோடு போட்டா கத்தி போடற ரூமு. எம் புருசன் போட்ட குறி இது. சேங்கொட்ட மை. வெள்ளாவியில வேவ வெச்சாலும் போவாது."

பிலோமி மெதுவாகக் கேட்டாள்: "வேம்பக்கா, உனக்கு எயுதப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கா? ஆனா ஆவன்னா தெரியாது. முன்னூறு வூட்டுக் குறி தெரியும்."

"டோல்கேட்டு பண்டிதரு இத சமஸ்கிருதத்துக்கு முன்னாடி வந்த எயுத்துன்னாரே?"

"ஏடு படிக்கறவரா? அவரு வேட்டிக்கு ரெண்டு கோடு, ஒரு சுயி. பதினஞ்சு வருசமா அத இடுப்புல கட்டிக்கினு தானே கீறாரு. ஒரு நாளு திருப்பிப் பாக்கறதில்ல?"

ஆஸ்பத்திரி மாடியில் பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. ஆபரேஷன் அறைக்கு வெளியே கம்பியில் வெள்ளை அங்கிகளும் முகமூடிகளும் தொங்கின. பக்கத்தில் ரப்பர் கையுறைகள் காயப் போட்டிருந்தன. மயிர் இல்லை, நகம் இல்லை.

"பாய்," என்றாள் பிலோமி, "சுக்கிரன்காரன் கையக் கயட்டி மாட்டிட்டுப் பூட்டான்."

அந்த அறையில் வேலை பழகுகிற நர்ஸ் மாணவி ஒருத்திதான் அப்போது இருந்தாள். அஜீசுன்னிசா என்று பெயர். வண்ணாரப்பேட்டை சாயபு மகள். ஷாகுல் ஹமீது எதுவும் கேட்கவில்லை. துணியை அவள் முன்னால் வைத்தார்.

"இதனால சலவைக்கார அம்மா பேர் கெடுது," என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மறைக்கத் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "மாமு, அத்தாகிட்டச் சொல்லிடாதீங்க. வேம்பக்காவ மாட்டிவிடணும்னு செய்யல."

"வெளிச்சம்?"

"பெட்ரோமாக்ஸ் விளக்கு. பின்னால எங்க வீட்டு சஹன நிக்க வெச்சோம்." சஹன் என்றால் கல்யாணப் பந்தியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற ஈயம் பூசிய பெரிய தட்டு.

"பறக்கும் தட்டுன்னு சொன்னது தப்பில்ல," என்றாள் பிலோமி. "பிரியாணித் தட்டு. யாரு வண்டி ஓட்டினது?"

"கட்டுமரம்தான். காசிமேட்டு சிலுவைமுத்து அண்ணன். அவருக்குக் கட்டி அறுத்தப்போ நான்தான் கூட இருந்து பாத்தேன். அந்தப் பிரியத்துல வந்தாரு."

பிலோமியின் வாய் முதல் தடவையாக மூடியது. பிறகு திறந்தது. "எங்க சித்தப்பனா? அது ராயபுரத்துக்கு ரிக்சால வர்றதுக்கே பயப்படுமே! சுக்கிரன்லேருந்து வண்டி ஓட்டினு வந்துச்சா?"

"இன்னொருத்தர் யாரு?" என்று கேட்டார் ஷாகுல் ஹமீது.

அஜீசுன்னிசா நிமிர்ந்தாள். "அது மட்டும் சொல்லமாட்டேன் மாமு. பேப்பர்ல படிச்சு யோசனை சொன்னது நான். துணிய எடுத்தது நான். சீட்டுக் கிழிஞ்சா எனக்குக் கிழியட்டும்."

"சரி, சொல்ல வேண்டாம். ஆறு தடவை குனிஞ்சு வணக்கம் போட்டது நீயா?"

"வணக்கமா? தும்மல் மாமு! அவர் கிட்டப் போனதும் முகமூடிக்குள்ளயே ஆறு தும்மல். உசிரே போச்சு."

"கூட வந்த ஆளுக்கு?"

"அவளுக்குத்தான் பழக்கமாச்சே..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷாகுல் ஹமீது எழுந்தார். "துணியை இன்னைக்கே வேம்பு கையில கொடுத்து, கிடைச்சிடுச்சுன்னு மேலே நீயே சொல்லு. எங்கே கிடைச்சுதுன்னு அவங்க கேட்டா அது உன் பாடு."

படியில் இறங்கும்போது அவர் பிலோமியிடம் கேட்டார். "காலையில நீ எத்தனை தும்மினே?"

"யாரு எண்ணினது? சாவற வரைக்கும் வர வேண்டியது எல்லாம் வந்துச்சு."

"நீ மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே. அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல நின்னு கண்ணைத் துடைச்சுவிட்டு, ஒரு தும்மல்கூடப் போடாதவங்க மெட்ராஸ்ல எத்தனை பேர் இருப்பாங்க?"

பிலோமி யோசித்தாள். "அவரு மண்டியில மூட்ட தூக்கறவன். அவன் மொதலாளி கண்ணத் தொடைக்க மாட்டான்." சட்டென்று நின்றாள். "அப்பால... அந்த வூட்டுலயே பொறந்து வளந்தவ."

வியாழக்கிழமை நாலு மணிக்கு இருவரும் மண்டிக்குப் போனார்கள். பிலோமி முந்தானையால் முகத்தைக் கொள்ளைக்காரி மாதிரி கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் சண்முகவேல் எழுந்து நின்றார்.

ஷாகுல் ஹமீது சுற்றி வளைக்கவில்லை. "சண்முகவேல், அது ஆஸ்பத்திரித் துணி. எழுத்து சலவைக் குறி. பேசினது மகளோட சிநேகிதி. பேசாம நின்னு உங்க கண்ணைத் துடைச்சது யாருன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம் பாய்," என்றார் சண்முகவேல். "எனக்குத் தெரியும்."

பிலோமியின் கட்டு அவிழ்ந்து விழுந்தது.

"அந்தப் பிள்ளை தும்முச்சு. இவ தும்மல. கிட்ட வந்து மூச்சு விடுதா, இருமல்கூட இல்ல. என் வீட்டுப் பிள்ளைய எனக்குத் தெரியாதா? ரப்பர் உறை போட்டா கை மாறிடுமா?"

"பின்னே எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"எங்கம்மா போனப்ப எனக்கு மூணு வயசு. அக்காதான் இடுப்புல தூக்கி வளத்தா. அவ மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது பாய். மேல இருந்து யாராச்சும் சொன்னாத் தேவலன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அந்தப் பிள்ளைகளே கொண்டாந்து குடுத்துச்சு. நான் பிடிச்சுக்கிட்டேன். ஒரே ஒரு கையெழுத்து. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்."

"துறைமுகத்துல பெட்டிக்கு அடியில பெட்டி வெச்சுக் கொண்டுவந்தவன் எல்லாம் அதைத்தான் சொன்னான். நான் போட மாட்டேன்."

"ஒரு வரி பாய்," என்றாள் பிலோமி. அவள் குரலில் கேலி இல்லை. "நான் டைப் அடிச்சித் தர்றேன். அந்தப் பொண்ணு படிக்கட்டுமே. நீ கண்ண மூடிக்கினு போடு."

"கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா அது கையெழுத்து இல்ல, கிறுக்கல்." ஷாகுல் ஹமீது சண்முகவேலைப் பார்த்தார். "வானத்து ஆள் கையைப் பிடிச்சேன்னு ஊரே சிரிக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. அதுக்கு வந்த வாய் அக்காகிட்ட வராதா?"

பதில் வருவதற்குள் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது.

முப்பிடாதி இறங்கினாள். அறுபதை எட்டிய பெரிய உடம்பு. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஒரு கையில் கோயில் விபூதிப் பொட்டலம். இன்னொரு கையில் தர்காவில் மந்திரித்த தாயத்து. வேறு யாரையும் பார்க்காமல் தம்பி நெற்றியில் விபூதியை அள்ளி அப்பினாள். கையை இழுத்துத் தாயத்தைக் கட்டினாள்.

"ஏலே, நாலு நாளாத் தூக்கம் கிடையாது எனக்கு. டோல்கேட்டுப் பூரா உன் பேச்சுத்தான். உங்க அத்தான் சம்பந்தமே வேண்டாங்காரு. கிறுக்குப் பிடிச்ச வீட்டுல பொண்ணெடுக்கப்படாதாம்."

பிலோமி ஷாகுல் ஹமீதின் முழங்கையை இடித்தாள். கையெழுத்தே இல்லாமல் காரியம் முடிந்துவிட்டதே!

முடியவில்லை.

"நான் விடுவனா?" என்றாள் முப்பிடாதி. "என் தம்பிக்குக் கிறுக்குன்னா அவன் மவளை வேற எவன் கட்டுவான்? நான்தான் கட்டிக்கிடணும். ஆயிரம் கிறுக்கு ஆனாலும் நாளைக்குத் தாம்பூலம். உன் மவ எனக்கு மருமவ. நீ எதுக்கும் பயப்படாத."

"போச்சு," என்று முணுமுணுத்தாள் பிலோமி. "வுட்ட வாணம் திரும்பி வந்து நம்ம கூரையிலயே குந்திகிச்சு."

முப்பிடாதி ஷாகுல் ஹமீதின் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர். "நீங்க விசாரிச்சீகளாமே பாய். இவனுக்குச் சொகமாயிடுமா?"

"அதை அவர்கிட்டயே கேளுங்கம்மா," என்றார் ஷாகுல் ஹமீது.

சண்முகவேல் தாயத்தைப் பார்த்தார். அக்காவின் முட்டியைப் பார்த்தார். மண்டிக்குப் பின்கட்டுக் கதவருகில் அம்மு நின்றிருந்தாள். பத்தொன்பது வயசுப் பெண். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றார். "எனக்குக் கிறுக்கு இல்ல. வானத்துல இருந்து எவனும் வரல. அது அம்மு."

"என்னலே சொல்லுத?"

"எம் மவ மூஞ்சிய மூடிக்கிட்டு வந்து அவ ஆசைய எங்கிட்டச் சொன்னா. நான் சுக்கிரனுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு உங்கிட்டச் சொல்லப் பாத்தேன். வாக்குக் குடுத்தவன் நான்தான். இப்ப மாட்டேங்கிறவனும் நான்தான். அவ படிக்கணுங்கா. தாம்பூலம் வேண்டாம்க்கா. திங்கக்கிழமை அவ நர்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் போறா."

பிலோமிகூடத் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி அப்படியே ஒரு மூட்டையில் உட்கார்ந்தாள். "கிறுக்கு இல்லியா?"

"இல்லக்கா."

"எம் மேல சத்தியமா?"

"உம் மேல சத்தியமா."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாக்கு தவறிய கோபமில்லை அது. நாலு நாள் பயம் இறங்குகிற அழுகை. அது முடிந்தது. மூக்கைச் சிந்தினாள். அதன் பிறகுதான் கோபம் வந்தது.

"நாசமாப் போறவனே! முட்டி வலியோட அந்த தர்காவுக்கு நடையா நடந்தனே! பத்தொம்பது வருசமா மருமவ மருமவன்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கனே! எங்கிட்ட நேரா வந்து வேண்டாம்னு சொன்னா உன்னத் தின்னா போட்டிருப்பேன்?" பின்கட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஏட்டி, இங்க வா."

அம்மு வந்து நின்றாள்.

"எத்தனை வருசம் படிப்பு?"

"மூணரை, அத்தை."

"அம்புட்டு நாளு எம் மவன் காத்துக் கிடக்கமாட்டான். வேற பொண்ணு பாத்துருவேன்."

"பாருங்க அத்தை," என்றாள் அம்மு. கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டாள். பிலோமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முப்பிடாதி மூட்டையைப் பிடித்து எழுந்தாள். தம்பி கை கொடுக்க வந்தார், தட்டிவிட்டாள். அம்மு தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ரிக்‌ஷாவில் ஒரு காலை வைத்தவள் நின்றாள்.

"முட்டி வலிக்கு ஊசி உண்டாட்டி?"

"உண்டு அத்தை."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

முப்பிடாதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"இவளாவது மூஞ்சிக்கு நேரா உள்ளதச் சொல்லுதா," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.